ஆறுதல்புரத்தில் ஏலம் போன கைக்கடிகாரம்

பூசணிக்காயையும் கொண்டைச் சேவலையும் வாழைத்தாரையும் ஏலம் விடுகிற அதே மரத்தடியில் ஒரு பயத்தையும் ஏலம் விட்டார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்க என்ன காசா பணமா; ஆறுதல்புரத்துக்காரர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள், முதலில் கழுத்தைத் திருப்பித் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

செம்மணல் மேடான தேரியை ஒட்டிப் பனைகளுக்கு நடுவில் கிடக்கிற ஊர் அது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும், சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்ததையெல்லாம் சர்ச் என்கிற வேதக்கோயில் வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிவந்து, கோயில் ஊழியரான உபதேசியார் ஏலம் விடுவார். ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றில்லை, ஆனால் கொண்டுபோனால் அவ்வளவு மரியாதை இல்லை. “கோயிலுக்கே” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், உடனே அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும், இப்படி ஒரே பூசணிக்காய் பெரிய வீடு சின்ன வீடு எல்லார் கைச்சூட்டையும் வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்து, சாயங்காலம் இல்லாதப்பட்ட ஒரு வீட்டுச் சட்டியில் போய்ச் சேரும். நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல வழக்கத்தால்தான் இவ்வளவு கூத்தும் வந்தது.

கடிகாரத்தை அனுப்பியது ஜெமிமா. உலகத்துக்கே தெரிந்த டென்னிஸ்காரியாக அவள் ஆன பிறகு டிவியில் என்னென்னவோ சொன்னார்கள், ஆனால் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை ஆடப் படித்தது கோயிலின் பின்சுவரில். ஜன்னல் இல்லாத, வெள்ளையடித்த, உயரமான சுவர். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே பந்தும் மட்டையுமாக வந்துவிடும். வெயிலோ தூறலோ, கறுப்புக் குடையும் கழுத்தில் விசிலுமாக அதன் அம்மா எப்சிபாள் கூடவே நிற்பாள். எப்சிபாள் பெண்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். புருஷன் போன பிறகு ஒற்றையாளாக நின்று பிள்ளையை வளர்த்தவள். அடிக்க மாட்டாள், வைய மாட்டாள். பந்து தவறினால் “விட்டுட்டியா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாள், அவ்வளவுதான். அந்தச் சுவரில் வட்ட வட்டமாக விழுந்த செம்மண் தடங்களை அடுத்தடுத்து எத்தனை தடவை வெள்ளையடித்தும் மறைக்க முடியவில்லை; ஊரும் மறைக்க விரும்பவில்லை, வெளியூர் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

ஆடும்போதுகூடக் கழற்றாத கடிகாரம் அது. “கண்ணு தெரியாத பிள்ளையளுக்கு விடுதி கட்டணும்னு சொன்னியல்லாம்மா, அதுக்கு ஏலம் விட்டுக்கிடுங்க” என்று ஜெமிமா போனில் சொன்னாள். அப்புறம், “எனக்கு இனிமே அது வேண்டாம்” என்றாள். எப்சிபாள் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்சலைப் பிரிக்காமல் அப்படியே கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

உபதேசியார் கூவினார், ஏலம் ஏறியது, பெட்ரோல் பங்க் கோயில்பிச்சை அண்ணாச்சி எடுத்தார். எடுத்தவர் உடனே “கோயிலுக்கே” என்று சொல்லியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? நம்ம ஊர்ப் பிள்ளை கட்டின கடிகாரத்தை ஒரு நிமிஷம் நாமும் கட்டிப் பார்ப்போமே என்று மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மாட்டினதும் அந்தக் கனத்த மனுஷனின் முகம் வெளிறிப்போயிற்று. “யாரு அது?” என்று வெடுக்கென்று திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. மறுபடி திரும்பினார், மறுபடியும் திரும்பினார், தன் வாலைத் தானே துரத்துகிற நாய் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றி, கடைசியில் வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “கோயிலுக்கே, கோயிலுக்கே” என்று கத்திக்கொண்டே வாரைப் பிடுங்கினார். அண்ணாச்சி நடிக்கிறார் என்று சனம் கைகொட்டிச் சிரித்தது. அடுத்து எடுத்தவர் சிரித்துக்கொண்டே கட்டினார், அழுதுகொண்டே கழற்றினார். அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றவன் கட்டினதை நாம் கட்டாமல் விட்டால் பிள்ளையை மதிக்கவில்லை என்று ஆகிவிடுமே, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ரோஷம் அது, மணிக்கட்டு மணிக்கட்டாக அந்தக் கடிகாரம் ஊர் முழுக்க ஏறி இறங்கி, சாயங்காலம் கடைசிக் கையாகச் சுகிர்தத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுகிர்தம் எப்சிபாளுக்குப் பக்கத்து வீடு, முறுக்குச் சுட்டுப் பிழைக்கிறவள். விடிந்து எப்சிபாள் போய்ப் பார்த்தபோது அவள் அடுக்களை மூலையில் முதுகை இரண்டு சுவருக்கும் கொடுத்துக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

“என்னட்டி செய்யுது?”

“பயமாருக்குக்கா.”

“எதுக்குப் பயம்?”

“விட்டுருவேனோன்னு.”

“எத?”

“தெரியலியே. கையில ஒண்ணும் இல்ல. ஆனா விட்டுருவேனோ விட்டுருவேனோன்னு கெடந்து அடிக்கி.” சுகிர்தம் கையை நீட்டினாள். கடிகாரம் டிக் டிக் என்று சொல்லவில்லை. எங்கோ தூரத்தில் சுவரில் பந்து மோதித் திரும்புகிற சத்தம் அதிலிருந்து வந்தது, டொக், கொஞ்ச நேரம், டொக். “பின்னால யாரோ நிக்காவக்கா. ஒண்ணும் பேச மாட்டேங்காவ. சும்மா பாத்துக்கிட்டு நிக்காவ.”

கழற்றிக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டில் இருந்தால் கட்டினவருக்கு மட்டும்தான் பயம். பெட்டியில் வைத்தாலோ அந்த ஞாயிறு ஆராதனைக்கு வந்த அத்தனை பேருக்கும் பயம், பாட்டுப் பாட வாயெடுத்தவர்கள் ராகத்தை விட்டுவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள், ஐயர் (அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்) பிரசங்க பீடத்தில் பாதி வசனத்தில் நின்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடலில் எறிவோம் என்று ஒருவர் சொன்னார். கடலில் போட்டால் அதில் மீன் பிடிக்கிறவன் என்ன பாவம் செய்தான் என்று இன்னொருவர் கேட்டார். அந்த வாரமே ஜெமிமா பெரிய கோப்பை ஒன்றை ஜெயித்தாள். டிவியில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைக் கவனித்தார்கள்: முன்னெல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற பிள்ளை, இப்போது திரும்பவே இல்லை.

“நம்ம பிள்ள தன் பயத்த நமக்கு அனுப்பிட்டு ஆடுது, அவ்வளவுதான் விஷயம்,” என்றார் கோயில்பிச்சை அண்ணாச்சி. “ஆடட்டும். ஒரு ஊரு சொமக்க முடியாததையா அந்த ஒத்தப் பிள்ள சொமந்துச்சு?”

அப்படித்தான் முறை வைத்தார்கள். வீட்டு ஜெபக்கூட்டம் வீடு மாறி வீடு போகிற மாதிரி கடிகாரமும் வீடு மாறி வீடு போயிற்று. கடிகாரம் இருக்கிற வீட்டில் அன்றைக்கு உலை வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். கட்டியிருக்கிறவரைத் தனியே விடக் கூடாது. முக்கியமாக, அவருக்குப் பின்னால் யாரும் போய் நிற்கக் கூடாது. ஒரு தடவை கட்டினவர்களுக்குக் கழற்றிய பிறகும் அது லேசில் போகவில்லை, முதுகில் ஈரத்துணி ஒட்டின மாதிரி கிடந்தது, ஆகவே பின்னால் நிற்பது என்கிற காரியமே கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊரைவிட்டுப் போயிற்று. முடி வெட்டுகிறவர் பின்னால் போகாமல் முன்னாலிருந்தே வெட்டினார், ஆண்கள் எல்லார் பிடரியிலும் முடி தொங்கியது. ரேஷன் கடையில் வரிசை நீளவாக்கில் நிற்காமல் குறுக்குவாக்கில் தோளோடு தோள் நின்று தெருவை அடைத்தது. பைக்கில் பின்னால் ஆளை ஏற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடிபிடி நடந்தது. கோயிலில் பெஞ்சுகளை நாலு சுவரோடும் ஒட்டிப் போட்டுக்கொண்டு, நடுவில் மைதானம் மாதிரி வெறும் தரையை விட்டு, சனங்கள் சுவரில் முதுகைச் சாய்த்தபடி பாடினார்கள். கல்யாணம் பண்ணின பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பார்க்க அதுவும் அழகாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பயப்படுவதற்கும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டால் மனுஷன் அதோடு குடித்தனம் நடத்திவிடுவான் போலிருக்கிறது.

ஒரு வீட்டுக்கு மட்டும் முறை வரவில்லை. “டீச்சர் வீட்டுக்கு வேண்டாம்,” என்று முதல் நாளே ஐயர் சொல்லிவிட்டார். “பெத்து வளத்தாவளே, அது போதும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். எப்சிபாள் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள். தெருவில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோவதையும் மரியாதை என்றே நினைத்தாள். நடந்து போனால் சனங்கள் ஒதுங்கி, “நீங்க முன்னால போங்க டீச்சர், நீங்க முன்னால போங்க” என்று வழிவிட்டார்கள். அவள் தங்களுக்குப் பின்னால் வர ஒருவரும் விடவில்லை. மழைநாளில் அவள் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது கோயில்பிச்சை அண்ணாச்சியின் மருமகள் கையிலிருந்த எண்ணெய்ப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். பாவம், பயந்த பிள்ளை என்று எப்சிபாள் குனிந்து எண்ணெயைத் துடைத்துக் கொடுத்தாள்.

மகள் போன் பண்ணுவாள். முன்னெல்லாம் போனில் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற பிள்ளை, இப்போது சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரித்தாள். ரோட்டைப் பார்க்காமல் கடந்தேன், கார் உரசிக்கொண்டு போயிற்று என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் ஒரு நாள், வலது தோளில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது, இனி ஒரு ஆட்டம் ஆடினால் கை தூக்கவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள், அதற்கும் சிரித்தாள்.

“அப்போ ஆடாதட்டி!”

“பைனல் இருக்கும்மா. ஊசி போட்டுட்டு ஆடுவேன்.”

“கை போயிரும்ங்கிறியே பிள்ள. பயமா இல்லியா ஒனக்கு?”

“இல்லியே. வலிக்கக்கூட மாட்டேங்கி. நல்லாருக்கும்மா இப்பிடி இருக்கது.”

எப்சிபாள் போனை வைத்தாள். கடிகாரம் கட்டாமலேயே பயம் வந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். பயமே இல்லாத பிள்ளையை நினைத்து வந்த பயம் அது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நடக்கிற குழந்தையைக் கீழேயிருந்து பார்க்கிற மாதிரி, கத்தவும் முடியாமல் கத்தாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நேரே ஐயர் வீட்டுக்குப் போனாள். அங்கே கோயில்பிச்சை அண்ணாச்சியும் இருந்தார், பைனலுக்குப் பெரிய திரை கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அவ பயத்த அவளுக்கே குடுத்துரணும் ஐயரே. கடிகாரத்த எங்கிட்ட குடுங்க.”

“என்ன டீச்சர் நீங்க,” என்றார் அண்ணாச்சி, அவள் பக்கம் பார்க்காமல். “இவ்வளவு நாளு ஊரு கட்டிச் சொமந்தது எதுக்கு? இன்னைக்கு ராத்திரி பைனலு.”

“என் பிள்ளைக்குக் கை போயிரும் அண்ணாச்சி! நீங்க குடுக்காண்டாம், நானே வாங்கிக் கட்டி, அந்தப் பயம் என்னன்னு பாத்துக்கிடுதேன்.”

ஐயர் எழுந்தே விட்டார். “நீங்க மட்டும் கட்டாதிய, டீச்சர்.”

“ஏன்?”

ஐயர் அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு முறை மறுபடி சுகிர்தத்துக்கு. அடுக்களை மூலையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்சிபாளைக் கண்டதும் கடிகாரம் கட்டின கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கழத்திக் குடு சுகிர்தம்.”

“வேண்டாங்க்கா. சொன்னாக் கேளுங்க.”

“பின்னால நிக்கது யாருன்னு நீ பாத்துருக்க. உண்மையச் சொல்லு.”

“பாக்கலக்கா.”

“ஊரே பாத்துருக்கு. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிய.”

சுகிர்தம் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே வாரைக் கழற்றினாள், கழற்றி எப்சிபாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடி, “என்னய மன்னிச்சிருங்கக்கா” என்றாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

எப்சிபாள் கோயிலின் பின்பக்கம் போனாள். உச்சி வெயில் சாய்ந்த நேரம், ஆள் நடமாட்டம் இல்லை, சுவரில் அந்தச் செம்மண் வட்டங்கள் பழைய தழும்பு மாதிரி தெரிந்தன. சுவரைப் பார்த்து நின்று கடிகாரத்தைக் கட்டினாள். டொக் என்றது. அந்த ஒரு சத்தத்தில் அவள் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது, ஒன்றும் இல்லாத வலது கை எதையோ இறுக்கிப் பிடித்தது, விட்டுருவேனோ விட்டுருவேனோ என்று நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடியது, தண்ணீர் கேட்க வேண்டும் போல் இருந்தது, கேட்கப் பயமாக இருந்தது, கால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லப் பயமாக இருந்தது, இது பெரிய மனுஷியின் பயமே இல்லை, பாவாடை கட்டின ஒரு சின்னப் பிள்ளையின் பயம். முதுகுக்குப் பின்னால் மணலில் செருப்பு நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பினாள்.

கறுப்புக் குடை. கழுத்தில் விசில். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற வெளிர்நீலச் சேலை, அதன் முந்தானையில் அவளே போட்ட தையல். தன்னுடைய முகத்தை எப்சிபாள் கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் கீழேயிருந்து மேலே, இவ்வளவு உயரத்தில், குடைநிழலுக்குள், இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

அடப்பாவமே, இதைத்தானா பிள்ளை இத்தனை வருஷமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது? இதைத்தானா ஊரே கட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் மூடி வைத்தது? எப்சிபாள் பின்னால் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் முதுகில் சுவர் பட்டால் கொஞ்சம் அடங்கும்; அவளுக்கு அடங்கவில்லை. குடைக்காரி நேரே அவள் முன்னால் வந்து நின்றாள்.

எப்சிபாள் மகளுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது.

“சொல்லும்மா. ஊசி போட வந்துட்டாங்க,” என்றாள் ஜெமிமா, சிரித்தபடி.

எப்சிபாள் வாயைத் திறந்தாள். எதிரே நின்ற முகமும் வாயைத் திறந்தது. இரண்டு வாய்க்கும் பழக்கமான வார்த்தை “விட்டுட்டியா?” ஒன்றுதான், அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதைக் கடித்து விழுங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

“விட்டுரு பிள்ள,” என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“விட்டுரு. பந்து போனா போகட்டும். எங்க வேணும்னாலும் போகட்டும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அம்மாக்குப் பயமாருக்கு மக்கா. ஒன் பயத்த நான் கட்டியிருக்கேன்.”

மணிக்கட்டில் டொக் என்றது, அப்புறம் அடுத்தது வரவில்லை, வரவில்லை, ஆறுதல்புரம் முழுக்க அவரவர் செய்த வேலையை நிறுத்திவிட்டு அந்த அடுத்த சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பந்து எங்கோ மணலில் விழுந்து உருண்டு ஓய்கிற சத்தம் கேட்டது. போனில், சின்ன வயதில்கூடக் கேட்டிராத குரலில், மகள் தேம்பினாள்.

“அம்மா, தோளு வலிக்கிம்மா.”

“தெரியும் மக்கா.”

“பயமாருக்கும்மா.”

“எனக்குந்தான்.”

ஜெமிமா பைனல் ஆடவில்லை. ஊர் கட்டின திரையைச் சுருட்டி வைத்தது, வாங்கின வெடியைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொண்டது, கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, அப்புறம் மறந்தது. கடிகாரம் எப்சிபாளின் கையிலேயே இருந்தது. மெல்ல மெல்ல பஸ்ஸில் முன் சீட்டுகளும் நிரம்பின, முடி வெட்டுகிறவர் தைரியமாகப் பின்னால் போய் நின்றார், ஆண்களின் பிடரிகள் வெளிச்சத்துக்கு வந்தன.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஜெமிமா வலது கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்கு வந்திருந்தாள். மரத்தடியில் பூசணிக்காயும் சேவலும் போன பிறகு, உபதேசியார் தயங்கித் தயங்கி எப்சிபாளின் மணிக்கட்டைப் பார்த்தார். வழக்கத்தை விட முடியாதே, கேட்டாக வேண்டுமே.

“கோயிலுக்கேதான, டீச்சர்?”

“இல்ல,” என்றாள் எப்சிபாள். “எனக்கே.”

அந்த மரத்தடியில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எப்சிபாள் அசையாமல் நின்றாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் மணலில் செருப்பு நகரும் சத்தம் கேட்டது, கிட்டே வந்தது, நின்றது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தோளில் ஒரு இடது கை வந்து விழுந்தது.

“அம்மா,” என்றது பின்னால் நின்ற குரல், “நாந்தாம்மா.”